கத்திக்கு முன் மருந்து



என்னோடு பல்லாண்டு கணிதம் கற்பித்த நண்பர் ஒருவருக்குச் சிறுநீரில் வலியின்றி இரத்தம் கலந்து போயிற்று. வெட்கத்தால் மூன்று மாதம் எவரிடமும் சொல்லாதிருந்தார். பிறகு சோதித்தபோது, சிறுநீர்ப்பையில் தோன்றிய புற்று அதன் தசைச்சுவர் வரை வேரோடியிருந்தது. முப்பதாண்டு புகைத்தவர் அவர். இந்நோய்க்குத் தலையாய காரணம் புகையிலையே என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை.

பையை அகற்ற வேண்டும், அதற்குமுன் பன்னிரண்டு வாரம் மருந்து ஏற்ற வேண்டும் என்றார் மருத்துவர். "திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது, மூன்று மாதம் வாசலில் காத்து நிற்பதா?" என்று நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆனால் திருடன் ஒருவன் அல்லன். தசையை எட்டிய புற்றின் உயிரணுக்களிற் சில, எந்தப் படத்திலும் தென்படாத அளவில், முன்பே வெளியேறியிருக்கலாம். கத்தி பையை அகற்றும், ஓடிப்போனவற்றைத் தொடாது. இரத்தத்தோடு செல்லும் மருந்தே அவற்றைத் துரத்த வல்லது. அறுவைக்குப் பின் கொடுத்தால் ஆகாதோ எனின், அப்போது பலருக்கு உடல் தளர்ந்து, சிறுநீரகமும் நலிந்து, மருந்தைத் தாங்கும் வலிமை இராது.

இதை அமெரிக்காவில் 307 நோயாளிகளிடம் சோதித்து 2003-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஒவ்வொரு பிரிவினரையும் ஆயுள் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர், அறுவை மட்டும் பெற்ற பிரிவில் 46 மாதம் வாழ்ந்தார். மருந்தும் பெற்ற பிரிவில் 77 மாதம் வாழ்ந்தார். இவ்வேறுபாடு தற்செயலின் எல்லையை ஒட்டியே நின்றது. பல சோதனைகளை ஒருங்கே கூட்டிப் பார்த்தபோது, மருந்தினால் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர் கூடுதலாக ஐந்தாண்டைக் கடந்தனர் எனத் தெளிந்தது. சிறிய எண்தான், அந்த ஐவரில் ஒருவருக்கு அது சிறியதன்று.

அமெரிக்கச் சோதனையில் கொடுத்த மருந்துகள் நான்கு. அவற்றின் பிறப்பே ஒரு கதை. மெத்தோட்ரெக்சேட், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக் குழுவில் உருவாயிற்று. வின்பிளாஸ்டின், நம் வீட்டு முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைப்பது. டாக்சோரூபிசினின் மூலம் இத்தாலிய மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிர். சிஸ்பிளாட்டினோ பிளாட்டினம் என்னும் உலோகத்தின் சேர்மம். ரோசன்பர்க் என்பவர் பாக்டீரியாக்களிடையே மின்சாரம் செலுத்தியபோது அவை பிளவுபடாமல் நீண்டன. காரணம் மின்சாரம் அன்று, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினமே என 1965-இல் அறிவித்தார். இந்நோயின் மருந்துகளில் நெடுங்காலம் முதுகெலும்பாய் இருந்தது அதுவே.

நால்வர் அணி வலியது. துன்பமும் மிகத் தருவது. ஜெம்சிடபினையும் சிஸ்பிளாட்டினையும் இணைத்த இருவர் அணியை, நோய் பரவியவர்களிடம் ஒப்பிட்ட ஆய்வு 2000-இல் வெளிவந்தது. ஆயுள் ஏறத்தாழ ஒன்று, துன்பம் குறைவு. இதைக் கண்ட மருத்துவர் பலர், நேரே ஒப்பிட்டுப் பாராமலே, அறுவைக்கு முன்னும் இருவரையே கையாளத் தொடங்கினர். ஒரு வகுப்பின் மதிப்பெண்ணைக் கொண்டு மறுவகுப்பிற்குத் தேர்ச்சி போட்டதுபோல் எனக்குத் தோன்றுகிறது.

பிரான்சு நாட்டில் 2013 முதல் 2018 வரை 500 பேரைச் சேர்த்து அவ்வொப்பீட்டைச் செய்தனர். நால்வர் அணி இரு வாரத்துக்கொரு சுற்றாக ஆறு. இருவர் அணி மூன்று வாரத்துக்கொரு சுற்றாக நான்கு. இரண்டுக்கும் பன்னிரண்டு வாரமே. அறுவைக்கு முன் மருந்து பெற்றோரில், ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர் நால்வர் அணியில் நூற்றுக்கு 66, இருவர் அணியில் 57. எனினும் ஆறு சுற்றையும் முடித்தவர் நூற்றுக்கு 60 பேரே. நான்கையும் முடித்தவர் 84 பேர்.

அப்படியாயின் எல்லார்க்கும் நால்வரே ஆகலாமே? ஆகாது. டாக்சோரூபிசின் இதயத்தை நலிவிக்கக் கூடும். சிஸ்பிளாட்டினுக்குச் சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 மில்லிலிட்டர் வடிகட்ட வேண்டும். அதனினும் மிகக் குறைந்தோர்க்கு இவ்விரு அணியும் பொருந்தா. 2024-இல் வெளியான ஆய்வொன்றில், உடலின் எதிர்ப்பாற்றலை எழுப்பும் டுர்வாலுமாப் என்னும் மருந்தை இருவரோடு சேர்த்து, அறுவைக்குப் பின்னும் தொடர்ந்தனர். ஈராண்டில் நூற்றுக்கு 82 பேர் உயிரோடிருந்தனர். சேர்க்காத பிரிவில் 75 பேர். இந்த 82-ஐப் பிரான்சின் 66-ஓடு ஒப்பிடாதீர்கள்; அது ஈராண்டுக் கணக்கு, இது ஐந்தாண்டுக் கணக்கு.

என் நண்பரின் சிறுநீரகம் தேறியது, இதயம் தேறவில்லை. ஆகவே இருவர் அணியே அவருக்கு வாய்த்தது. நான்கு சுற்றும் முடித்தார். எடுத்த பையில் புற்று சிறிது எஞ்சியிருந்தது. தசையை விட்டுப் பின்வாங்கியிருந்தது. இப்போது குறித்த நாளில் தவறாமல் படம் எடுத்து வருகிறார். முந்தைய நாள் மாலையில் மட்டும் என் திண்ணைக்கு வந்து, அதிகம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.