கணினி மந்தமாவதேன்?

சில மாதங்களுக்கு முன்பு, எம் பள்ளி மாணவன் ஒருவனின் தந்தையார் பழைய மடிக்கணினி ஒன்றை எம்மிடம் கொண்டு வந்தார். மகன் டெலிமா தளத்தில் பாடம் செய்ய அமர்ந்தால், விசையை அழுத்திவிட்டுத் தேநீர் கலக்கிக் குடித்து முடித்த பின்னரும் திரை தெளிவதில்லையாம். கடையொன்றில் காட்டினாராம், புதியது வாங்குவதே வழி என்று சொல்லிவிட்டனராம். குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்ந்த பின்னரும், புதிய மடிக்கணினி ஏறத்தாழ ஒரு மாத உழைப்பை விழுங்கிவிடும். ஆதலின், வாங்குமுன் கோளாறு எங்குள்ளது எனக் கண்டறியும் முறையைப் பெற்றோர்க்கும் மாணவர்க்கும் விளக்க விழைகின்றோம்.

முதற்கண், முக்கியமான படங்களையும் பாடக்கோப்புகளையும் விரலியில் படியெடுத்து வைத்துக்கொள்க. பின்னர்க் கணினியை 'ரீஸ்டார்ட்' செய்க. நாள்தோறும் அணைத்துத்தானே வைக்கிறோம் எனச் சிலர் வினவக்கூடும். 2012-இல் விண்டோஸ் 8 வெளிவந்தது முதல், கணினியை 'ஷட் டவுன்' செய்யும்போது அது தன் உள்நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதிவைத்து, மறுநாள் விரைந்து விழிக்க அதனையே எடுத்துக்கொள்கிறது. நேற்றைய குழப்பமும் அதனோடு வந்துவிடுகிறது. 'ரீஸ்டார்ட்' ஒன்றே அனைத்தையும் புதிதாக ஏற்றும்.

அதன் பின்னும் மந்தம் நீங்காவிடில், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. டாஸ்க் மேனேஜர் என்னும் பலகை தோன்றும். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல், கணினியின் எவ்வுறுப்பு திணறுகிறது என்பதை இப்பலகையின் விழுக்காட்டு எண்கள் காட்டிவிடும்.

இங்கே நினைவகத்திற்கும் வட்டிற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் உணர்தல் வேண்டும். நினைவகம் நாம் எழுதும் மேசை. வட்டு, பொருள்களை அடுக்கி வைக்கும் ஸ்டோர் அறை. மேசை சிறிதாயிருந்து புத்தகங்கள் மிகுந்தால், ஒன்றை ஸ்டோரில் வைத்து மற்றொன்றை எடுத்துவர ஓயாது நடக்க நேரிடும். உலாவியில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்திருக்கும் பிள்ளையின் கணினி செய்வதும் அதுவே. வேண்டாதவற்றை மூடினாலே பாதிச் சுமை குறையும்.

அத்தந்தையாரின் கணினியில் வட்டு 100 விழுக்காட்டிலேயே நின்றது. பழைய வட்டினுள் ஒரு தட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழல, சிறு முனையொன்று அங்குமிங்கும் அசைந்து எழுத்தைத் தேடும். எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகை வட்டில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. சுழல்வட்டை அகற்றி இதனைப் பொருத்தினால், பழைய கணினிகள் பலவும் வியக்கத்தக்க வேகம் பெறுகின்றன. எம் அனுபவத்தில் இதற்கு ஈடான மருந்து வேறில்லை. ஆயினும், அக்கணினிக்கு இது பொருந்துமா, கூலி உட்பட என்ன செலவாகும் என்று முன்னரே கேட்டறிதல் நன்று.

அதே பலகையில் 'ஸ்டார்ட்அப்' என்றொரு பகுதியுண்டு. கணினி திறந்தவுடன் தாமாகவே ஓடத் தொடங்கும் செயலிகளின் பட்டியல் அதிலிருக்கும். விடியற்காலைப் பெரட்டில் வேலையில்லாதோரும் வந்து நின்று இடத்தை அடைத்தால், தண்டல் பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள் பொழுது ஏறிவிடுமன்றோ? அக்கணினியில் பதின்மூன்று செயலிகள் அவ்வாறு நின்றன. வைரஸ் தடுப்பை மட்டும் விட்டுவிட்டு, விளையாட்டு, அரட்டை முதலியவற்றை 'டிசேபிள்' செய்தோம். பெயர் விளங்காத எதனையும் தொடாதிருத்தல் நலம்.

வெப்பமும் ஒரு காரணமே. அளவுகடந்து சூடேறினால், கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சுங்கை ஊடாங் வெயிலில், மெத்தைமீது வைத்துக் காற்றுத் துளைகளை அடைத்துவிட்டால் அது வேறென்ன செய்யும்? மேசைமீது வைத்துத் தூசியைத் துடைத்தல் வேண்டும்.

இனி ஓர் எச்சரிக்கை. 'உங்கள் கணினி பழுதடைந்துள்ளது, இவ்வெண்ணை அழையுங்கள்' என்று திரையில் தோன்றினால் அழைக்கலாகாது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இராது. ஒரே சொடுக்கில் வேகம் கூட்டுவதாகக் கூறும் இலவசச் செயலிகளையும் நாடவேண்டாம். அவற்றுள் பல, பெரட்டில் மேலும் ஓர் ஆளைக் கூட்டுவனவே. ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல், காலந்தாழ்த்தாது தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தை 997 என்னும் எண்ணில் அழைக்க வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதனால் கணினி நின்றுவிடாது. ஆனால் பாதுகாப்பு குறையும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும், 64 ஜிகாபைட் வட்டும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் தேவை. இவை இல்லாத கணினியே புதியது வாங்க எண்ணத் தக்கது.

அத்தந்தையார் வட்டை மட்டும் மாற்றினார். மகன் இப்பொழுது அதே கணினியில்தான் பாடம் செய்து வருகிறான்.