இணைந்த ஊர்களும் இளைக்காத செலவும்

பத்து ஊர்களுக்குப் பத்துத் தலைவர், பத்து மன்றம், பத்துக் கணக்குப் பிரிவு எதற்கு? இக்கேள்விக்கு நாடளாவிய அளவில் விடை தேடிய நாடு சப்பான். 1999 மார்ச்சுத் திங்கள் இறுதியில் அங்கு 3,232 நகர, சிற்றூர் ஆட்சிகள் இருந்தன. 2010 மார்ச்சு இறுதியில் எஞ்சியவை 1,727.

நடுவணரசு யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பணத்தைக் காட்டி அழைத்தது. இணைந்த ஊர்களால் சிறப்புக் கடன்முறி வெளியிட முடிந்தது. ஒரு கட்டுமானச் செலவில் 95 விழுக்காடு வரை அக்கடனால் ஈடுகட்ட முடிந்தது. கடனை அடைக்கும் தொகையில் 70 விழுக்காட்டை, ஊர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் வரிப்பணமான பகிர்வு வரி வழியே நடுவணரசு ஏற்றது. 100 கோடி யென்னில் ஒரு விளையாட்டரங்கு என்று கொள்வோம். கடன் 95 கோடி, அதில் 66.5 கோடி நடுவணரசின் பொறுப்பு. வட்டியை விடுத்தால் ஊரின் சுமை 33.5 கோடி. மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும் அரங்கை எந்த ஊர்மன்றம் வேண்டாமென்று சொல்லும்?

இணைப்புக்கு முந்தைய ஓரிரு ஆண்டுகள் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கவை. இன்று வாங்கும் கடன் நாளை எல்லாருக்கும் பொது. இன்று கட்டும் மண்டபமோ கட்டிய ஊரிலேயே நிற்கும். ஆயிரம் பேர் வாழும் சிற்றூர், நூறாயிரம் பேர் வாழும் நகருடன் இணையுமானால், அதன் கடனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே அம்மக்கள்மேல் விழும். சுவீடனில் 1970களின் முற்பகுதி வரை நடந்த இணைப்புகளை ஆராய்ந்த பொருளியலார், சிறிய ஊர்களே கடனில் முந்தியதைக் கண்டனர். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்னும் நம் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

இணைப்பால் மிச்சம் இல்லாமல் இல்லை. டென்மார்க்கு 2007இல் 271 ஊராட்சிகளை 98 ஆக்கியது. அங்கு நிருவாகச் செலவு குறைந்தது. ஆயினும் பள்ளி, முதியோர் பேணல், சாலை என அனைத்தையும் கூட்டினால் மொத்தச் செலவில் தெளிவான மாற்றம் தென்படவில்லை. காரணம் எளிது. தலைவர்களைக் குறைக்கலாம், தொலைவைக் குறைக்க இயலாது. சப்பானின் தக்கயாமா நகரம் 2005இல் சுற்றியிருந்த ஒன்பது ஊர்களைச் சேர்த்துக்கொண்டு 2,178 சதுரக் கிலோமீட்டராக விரிந்தது. இது ஏறத்தாழத் தோக்கியோ பெருநகரப் பரப்பு. பெரும்பகுதி காடும் மலையும். கடைக்கோடி மலையூரின் பனியையும் அகற்றத்தான் வேண்டும். பழைய ஒன்பது ஊர்களிலும் கிளை அலுவலகங்கள் அமைந்தன.

இணையாமலும் சிக்கனம் காணலாம். சப்பானின் புக்குசிமா மாவட்டத்து யமாத்சூரி ஊர்மன்றம் 2001இலேயே இணைப்பை மறுத்து அறிக்கை விடுத்தது. உறுப்பினர் எண்ணிக்கையைக் குறைத்து, 2008இல் திங்கள் ஊதியத்துக்கு மாற்றாக அமர்வு நாளுக்கு 30,000 யென் என வகுத்துக்கொண்டது.

இணைந்த ஊர்களுக்கு முதற்பத்தாண்டு, தனித்தனியே இருந்த பழைய கணக்கின்படியே பகிர்வு வரி வழங்கப்பட்டது. பின்னர் ஐந்தாண்டுகளில் அச்சலுகை படிப்படியாகக் குறைந்தது. மிச்சம் அப்போதுதான் தெரியவேண்டும். ஆனால் பரந்துவிட்ட எல்லைக்கும் கிளை அலுவலகங்களுக்கும் ஆகும் செலவை நடுவணரசே 2014 முதல் பகிர்வுக் கணக்கில் சேர்க்க நேர்ந்தது.