கெய்ஷா: கலந்து வைத்திருந்ததால் யாருக்கும் தெரியாமல் இருந்த காபி

2025 ஆகஸ்டில் நடந்த 'பெஸ்ட் ஆஃப் பனாமா' ஏலத்தில் ஒரு கிலோ காபிக் கொட்டை 30,204 அமெரிக்க டாலருக்குப் போனது. வறுக்காத பச்சைக் கொட்டை. மொத்தமே 20 கிலோதான். படித்தவுடன் புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் கமா போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இல்லை, சரியான எண்தான்.

விற்றது ஹசியெண்டா லா எஸ்மெரால்டா. பனாமாவின் மேற்கே, பாரு எரிமலைச் சரிவில், போக்கெத்தே என்ற ஊரில் இருக்கும் தோட்டம். பேங்க் ஆஃப் அமெரிக்காவின் தலைவராக இருந்த ருடால்ஃப் பீட்டர்சன் 1967-ல் வாங்கியது. பிறகு அவர் மகன் பிரைஸ் பீட்டர்சன் வந்து பார்த்துக்கொண்டார். இவர் படித்தது நரம்பு வேதியியல்!

ரகத்தின் பெயர் கெய்ஷா. ஜப்பானியக் கலைஞர்களுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. எத்தியோப்பியாவின் தென்மேற்கே கெஷா என்று ஒரு பகுதி, அந்தப் பெயர்தான் எழுத்துமாறி இப்படி ஆனது. 1930-களில் அந்தக் காடுகளில் விதை சேகரித்தார்கள். சுவைக்காக அல்ல, நோய் தாங்கும் செடி வேண்டும் என்பதற்காக. இலைத்துரு நோய் என்றால் அப்போது அப்படி ஒரு பயம். 1869-ல் இலங்கையில் தலைகாட்டிய அந்தப் பூஞ்சைதான் இருபது வருஷத்துக்குள் அங்கே காபியை அழித்துத் தேயிலையைக் கொண்டுவந்தது. நம் மக்கள் கண்டி மலைக்கு முதலில் போனது காபித் தோட்டங்களுக்குத்தான் என்பது இன்று பலருக்கு மறந்துபோச்சு.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த விதை தான்சானியாவின் லியாமுங்கு ஆய்வு நிலையம் வழியாக 1953-ல் கோஸ்டா ரிகாவுக்கு வந்தது. அங்கே அதற்கு டி2722 என்று எண். 1960-களில் பனாமாவுக்கு. ஆனால் விவசாயிகளுக்குப் பிடிக்கவில்லை. உயரமாக வளரும், கிளை பொசுக்கென்று ஒடியும், விளைச்சலும் கம்மி. அங்கங்கே நாலு மரம் நின்றது, அவ்வளவுதான்.

1990-களில் பீட்டர்சன் குடும்பம் மேலே ஹராமியோ என்ற இடத்தில் இன்னொரு தோட்டம் வாங்கியது. அங்கே ஒரு பூஞ்சை நோய் பரவியபோது சில மரங்கள் மட்டும் தாக்குப்பிடித்தன. கெய்ஷா மரங்கள். அதனால் அதையே இன்னும் உயரத்தில், 1,600 மீட்டருக்கு மேலேயும் நட்டார்கள். கவனியுங்கள், இப்போதும் சுவை கணக்கிலேயே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த கட்டம்தான். ஹராமியோ காபியில் எப்போதுமே லேசாக ஒரு எலுமிச்சை வாசம் உண்டு. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, ஏனென்றால் எல்லாப் பழத்தையும் ஒன்றாகக் கலந்துதான் பதப்படுத்துவார்கள். மகன் டேனியல் பீட்டர்சன், ஒவ்வொரு பகுதியின் அறுவடையையும் தனித்தனியாக எடுத்து, தனித்தனியாகப் போட்டுச் சுவைத்துப் பார்த்தார். ஒரு கோப்பையில் மட்டும் மல்லிகை, பெர்கமாட் வாசம் தூக்கியது. தோட்டம் முழுக்கத் தெளித்த மாதிரி இருந்த அந்த வாசம், உண்மையில் சில மரங்களிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

இது எனக்குப் பழகிய வலி. எங்கள் ஆபீசில் ஒருமுறை மூணு வாரம் சராசரி ரெஸ்பான்ஸ் டைமையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். சர்வர் வாரியாகப் பிரித்த அன்றைக்குப் பத்து நிமிஷத்தில் குற்றவாளி மாட்டியது. சராசரி கெட்டதையும் மறைக்கும், நல்லதையும் மறைக்கும்.

உயரம் ஏன் முக்கியம்? ராத்திரிக் குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டை இறுகும், சுவை தரும் பொருட்கள் சேர நேரம் கிடைக்கும். கீழே நட்ட கெய்ஷாவை நாற்பது வருஷம் யாரும் திரும்பிப் பார்க்காததற்கு இதுவும் காரணம். ரகம் மட்டும் போதாது, இடம் மட்டும் போதாது.

2004 ஏலத்தில் அது பவுண்டுக்கு 21 டாலர் வாங்கியது. உலகச் சந்தையில் சாதாரண அராபிகா அப்போது பவுண்டுக்கு ஒரு டாலர்கூட இல்லை. 2013-ல் 350 டாலரைத் தாண்டியது. 2025 விலையைப் பற்றி என் அபிப்பிராயம்: 30,204 டாலர் சுவைக்கான விலை அல்ல, பெயருக்கான விலை. 20 கிலோவை வைத்து யாரும் கடை நடத்த முடியாது, விளம்பரம்தான் நடத்த முடியும். ஆனால் அந்த முதல் 21 டாலர் நியாயமானது. அதுவரை தோட்டக்காரருக்கு ரகம் பிரித்துப் பறிக்க, பழுத்ததை மட்டும் பறிக்க எந்தக் காரணமும் இல்லை. அப்படிப் பறிப்பவர்கள் பெரும்பாலும் ஙாபே-புக்லே பழங்குடி மக்கள். அவர்கள் கூலியும் விதை கொடுத்த எத்தியோப்பியக் காடும் ஏலச் செய்திகளில் பெரிதாக வருவதில்லை.

நான் குடித்தது ஏலச் சரக்கு இல்லை, வேறொரு தோட்டத்து கெய்ஷா, ஒரு கடையில் ஒரு கோப்பை. லேசாக வறுத்தது, பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. வாசம் உண்மையிலேயே மல்லிகைதான். என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குங்க, ஆனா இது டீ" என்றாள்.