பன்னீர் வாசம் எங்கே ஒளிந்திருக்கிறது?

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் வழியில், சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல்களுக்கு அடியில் நின்றால் கோடை வெயில் தெரியாது. வாசம் மட்டும்தான் தெரியும். அந்த மயக்கத்தில் ஒருமுறை இரண்டு கிலோ பன்னீர் திராட்சை வாங்கிவந்து, மிக்ஸியில் அடித்து, வடிகட்டிக் குடித்தேன். நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. பந்தலடியில் மூக்கைத் துளைத்த வாசத்தில் பாதிகூட இல்லை. தவறு பழத்தில் இல்லை, மிக்ஸியில்தான். பிளேடு கொட்டையை உடைத்ததும் அதிலிருந்த துவர்ப்புப் பொருளான டானின் எல்லாம் சாற்றில் இறங்கிவிட்டது.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் ரகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். ஆனால் இந்த ரகமே அந்த நூற்றாண்டின் நடுவில்தான் இங்கிலாந்தில் ஒட்டுச்சேர்க்கையாக உருவானது என்கிறது திராட்சை வரலாறு. பாதிரியார் கொண்டுவந்தது வேறு கொடியாக இருக்கலாம். எப்படியோ, முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரும் இந்த மண்ணும் கொடிக்குப் பிடித்துப்போயின. குளிர் நாடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை காய்த்துவிட்டுத் தூங்கிவிடும் கொடி, இங்கே தூங்குவதே இல்லை. கவாத்து செய்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம். இரண்டு ஆண்டில் ஐந்து அறுப்பு வரை எடுக்கிறார்கள்.

‘பன்னீர்’ என்ற பெயர் வெறும் உவமை இல்லை. ரோஜா எண்ணெய்க்கு மணம் தரும் ஜெரானியால், நெரால் என்ற பொருள்கள் இந்தத் திராட்சையிலும் இருக்கின்றன, கூடவே லினலூல். விதையில்லாத பச்சைத் திராட்சையில் இவை மிகக் குறைவு என்பதால்தான் அது இனிக்கும், ஆனால் மணக்காது. பன்னீர் திராட்சையில் இந்த மணப்பொருள்கள் தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும்தான் அதிகம். அதிலும் பெரும்பங்கு சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. பிணைந்திருக்கும்வரை அதற்கு வாசமில்லை. நம் வாயில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை அவிழ்க்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பழத்தை விழுங்கிய பிறகும் வாசம் தங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில வீடுகளில் திராட்சையைக் கொதிக்கவைத்துச் சாறு எடுப்பார்கள். நிறம் அள்ளும். ஆனால் அமிலமும் சூடும் சேர்ந்தால் லினலூல் உருமாறி, புதுப்பழ வாசம் போய் ஜாம் வாசம் வந்துவிடும். ஜாமுக்குச் சரி, கோடை பானத்துக்கு ஆகாது.

காக்டெய்ல் கலக்குபவர்களிடம் நாம் கற்கவேண்டியது இங்கேதான். மணப்பொருள்கள் பெரும்பாலும் எண்ணெய்த்தன்மை உள்ளவை, தண்ணீரில் லேசில் கரையாது. அவர்களுக்கு அதைக் கரைத்துக்கொடுக்க மது இருக்கிறது. மது வேண்டாம் என்றால் அந்த வேலையில் ஒரு பங்கைச் சர்க்கரையிடம் கொடுக்கலாம். சீனியின் கூர்மையான பரல்கள் தோலையும் இலையையும் கீறி எண்ணெயை வெளியே இழுத்துத் தங்கள்மேல் பூசிக்கொள்ளும்.

நாலு பேருக்கு அரைக்கிலோ பழம் போதும். மேலே படிந்திருக்கும் வெண்பூச்சில் பெரும்பகுதி பழமே சுரக்கும் மெழுகு. ஆனாலும் திராட்சை மருந்தடிப்பு அதிகமுள்ள பயிர். ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். நாலு கரண்டி சீனியோடு ஒரு எலுமிச்சையின் மேல்தோலைத் துருவிப் போட்டு, இரண்டு ஏலக்காயைத் தட்டிச் சேர்த்து விரலால் நன்றாகத் தேய்க்க வேண்டும். ஏலக்காயில் இருக்கும் சினியோல் தொண்டையில் லேசான குளுமை தரும். இரண்டுக்கு மேல் போனால் பாயச வாசம் வந்துவிடும். பிறகு திராட்சையைப் போட்டுக் கையால் பிசைந்து, கொட்டை உடையாமல், அரைமணி நேரம் மூடி வையுங்கள். தோலின் நிறம் மெல்லச் சாற்றில் இறங்கும். அந்த எலுமிச்சையைப் பிழிந்ததும் மங்கலான ஊதா, பளிச்சென்ற சிவப்பாகும். தோலின் நிறமியான ஆந்தோசயனின் அமிலத்தில் அப்படித்தான் மாறும்.

இதில் கொஞ்சம் புதினாவும் சேரும், ஆனால் அதை அரைக்காதீர்கள். அதன் எண்ணெய்ப் பைகள் இலையின் மேற்பரப்பில்தான் இருக்கின்றன. உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாலே உடையும். அரைத்தால் பச்சைக் கசப்புதான் மிஞ்சும். புதினா என்றதும் நினைவுக்கு வரும் மெந்தால் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. குளிரை உணரும் நரம்பு வாசல் ஒன்றைத் தட்டி ஏமாற்றுகிறது, அவ்வளவுதான். 2002இல் அந்த வாசலை அடையாளம் கண்ட விஞ்ஞானிகள் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும், உணர்வுகள் குறித்த ஆய்வுகளுக்காக 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. காய்கறிச் சந்தையில் நாம் வாங்கும் புதினாவில் பெரும்பாலும் மெந்தாலைவிடக் கார்வோன் என்ற மணப்பொருள்தான் அதிகம். அது அந்த வாசலை மெதுவாகவே தட்டும்.

வடிகட்டி, சிட்டிகை உப்பும் இரண்டு டம்ளர் தண்ணீரும் சேருங்கள். ஐஸ் போடுமுன் இனிப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும், குளிரில் நாக்குக்கு இனிப்பு மங்கும்.

ஒன்று மட்டும் கவனம்: பிழிந்த அன்றே குடித்துவிடுங்கள். திராட்சைத் தோலில் காட்டு ஈஸ்ட் இருக்கிறது. கோடையில் ஐஸ்பெட்டிக்கு வெளியே இரண்டு நாள் விட்டால், நாம் ஒதுக்கிவைத்த மதுவை அதுவே தயாரிக்கத் தொடங்கிவிடும்.