மாடியில் நிற்கும் மழைநீர்

மகனுக்குத் திருமணம் நிச்சயமானதும், பழைய வீட்டோடு புதிதாக ஓர் அறையைச் சேர்த்துக் கட்டுவது நம் குடும்பங்களில் வழக்கம். சேமிப்பும் கடனும் சேர்ந்து காங்கிரீட் கூரை எழும்புகிறது. பங்குக் குருவானவர் வந்து வீட்டை மந்திரிக்கிறார். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தபின் மாடிக்குச் சென்று பார்த்தால், நடுவே குளம்போல் நீர் நிற்கிறது. "இரண்டு நாளில் காய்ந்துவிடும்" என்று நமக்கு நாமே ஆறுதல் கூறிக்கொள்கிறோம். அந்த ஆறுதல் தகுமா எனச் சிந்திப்போம்.

தட்டைக் கூரை என்கிறோமே தவிர, அது மட்டமாக இருத்தல் ஆகாது. நூறுக்கு ஒன்று என்ற அளவிலேனும் சரிவு வேண்டும். 20 அடி நீளத்திற்கு ஏறத்தாழ இரண்டரை அங்குலம். கண்ணுக்குப் புலப்படாத இந்தச் சரிவே வீட்டைக் காக்கிறது.

சரிவின்றித் தேங்கும் நீர் மெல்லிய வெடிப்புகளின் வழியே இறங்கி, உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு ஏறிய கம்பி பருத்துத் தன்னைச் சூழ்ந்த காங்கிரீட்டைப் பிளக்கும். விட்டத்தில் ஈரக்கறை தோன்றிச் சிமெண்டு பெயர்ந்து விழுவது இவ்வாறே. அது தொட்டிலின்மேல் விழுந்தால் என்னாகும்?

சேர்த்துக் கட்டிய அறைக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. பழைய அடித்தளம் முன்னரே இறுகி அமர்ந்தது. புதியது இனிமேல்தான் அமரும். ஆகவே இரண்டும் இணையும் இடத்தில் வெடிப்பு எழுவது இயல்பு. நீர் அந்த இணைப்பை நோக்கி ஓடாமல், அதைவிட்டு விலகி ஓடுமாறு சரிவு அமைதல் வேண்டும்.

காங்கிரீட்டின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தளம் போடும்போதே சரிவைத் திருத்தமாக அமைக்கலாம். தட்டோடு பதிக்குமுன், குழாய் வாயிலிருந்து தொலைவிலுள்ள மூலையில் சில குடம் நீர் ஊற்றிப் பாருங்கள். நீர் தயங்காமல் வாயை வந்தடைந்தால் நன்று. தேங்கினால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள். பணி முடிந்தபின் பள்ளத்தில் மட்டும் சிமெண்டு பூசினால், அப்பூச்சு வெயிலில் பெயர்ந்துவிடும். பள்ளம் பெரிதாயின் தளத்தையே மீண்டும் போட வேண்டிவரும். கூடுதல் எடையைக் கூரை தாங்குமா எனப் பொறியாளரைக் கேட்பது நலம். நீர் வெளியேறத் துளையிடுவதாயினும் அவரைக் கேளாமல் கம்பியை வெட்டலாகாது.

சரிவு சரியாயிற்று, நீர் எங்கே விழுகிறது? அடுத்த வீட்டுச் சுவரின்மேல் விழுமாறு குழாய் வைத்துவிட்டு, ஞாயிறன்று அவ்வீட்டாருடன் ஒரே பந்தியில் நற்கருணை உட்கொள்வது எங்ஙனம் பொருந்தும்? தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. நம் கூரைநீர் நம் கிணற்றுக்கும் நம் நிலத்துக்கும் சேரட்டும்.

புதுவீடு கட்டுவோர் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டுமென இணைச்சட்டம் (22:8) பணிக்கிறது. பிறர் உயிருக்கு நம் வீட்டால் தீங்கு நேரலாகாது என்பதே அதன் கருத்து. சோம்பலால் வீடு ஒழுகும் எனச் சபை உரையாளரும் (10:18) எச்சரிக்கிறார். கொத்தனாரைப் பின்னர் நோவதைவிட, ஒரு குடம் நீரோடு இன்றே மாடிக்குச் செல்வோம்.