கோர்ட் விட்டது, போர்டு விடவில்லை

ஜான் சேல்ஸ் இயக்கிய ‘எய்ட் மென் அவுட்’ (1988) படத்தைச் சமீபத்தில் பார்த்தேன். 1919 வேர்ல்ட் சீரீஸில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு சின்சினாட்டியிடம் தோற்றுக் கொடுத்த கதை. பேஸ்பால் விதிகள் எனக்கும் அரைகுறைதான். ஆனால் பந்து, மட்டை, பணம் மூன்றும் தெரிந்தால் படம் புரிந்துவிடும்.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது கடைசிப் பகுதி. 1921 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, வழக்கில் நின்ற ஆட்டக்காரர்களை ஜூரி விடுவித்தது. மறுநாளே கமிஷனர் லாண்டிஸ், தீர்ப்பு எதுவாக இருந்தாலும் சரி என்று எட்டுப் பேருக்கும் கதவைச் சாத்திவிட்டார்.

அட, இது நமக்குத் தெரிந்த கதையாச்சே! 2013 மே மாதம் ஐபிஎல் ஸ்பாட் ஃபிக்ஸிங்கில் ஸ்ரீசாந்த் கைதானார். செப்டம்பரில் பிசிசிஐ ஆயுள்தடை போட்டது. 2015-இல் டெல்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. தடை அப்படியே நின்றது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம்கூட, தண்டனையின் அளவை மறுபடி பாருங்கள் என்றுதான் சொன்னது. அது ஏழு வருடமாகக் குறைந்தது.

ஏன் இந்த இரட்டைக் கணக்கு? ஃபிக்ஸிங்குக்கு என்று இந்தியாவில் தனிச் சட்டமே இல்லை. டெல்லி போலீஸ், தாதா கும்பல்களுக்காக எழுதப்பட்ட மகோகா சட்டத்தை எடுத்தார்கள், அது ஒட்டவில்லை. கர்நாடக பிரீமியர் லீக் வழக்கில் பழைய 420-ஐ எடுத்தார்கள். 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது: ரசிகர் டிக்கெட்டைத் தானாக வாங்குகிறார், யாரும் ஏமாற்றி வாங்கவைக்கவில்லை, ஒழுங்கீனத்தை போர்டு பார்த்துக்கொள்ளட்டும். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் நிஜ ஆட்டம் என்று நம்பித்தானே காசு கொடுக்கிறோம்? எனக்கு இது செரிக்கவில்லை. இலங்கை 2019-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டது. பத்து வருடம் வரை சிறை.

சின்ன லீக் என்றால் தப்பிக்கும் என்பதும் இல்லை. நம்ம மதுரை பேந்தர்ஸ் 2018-இல் கோப்பை அடித்த டிஎன்பிஎல்லில், முகம் தெரியாத ஆட்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் தூது வந்ததாகச் சில வீரர்கள் புகார் சொல்ல, 2019-இல் பிசிசிஐ ஊழல் தடுப்புப் பிரிவு விசாரித்தது. அந்தப் பையன்கள் செய்ததுதான் சரி. வாயைத் திறக்காமல் இருந்தால் அதுவே குற்றம். அதே 2019-இல் ஷகிப் அல் ஹசன் தடைபட்டது பணம் வாங்கியதற்காக அல்ல. தூது வந்ததைச் சொல்லாததற்காக.

படத்தில் ஜான் குசாக் நடித்த பக் வீவரின் கதையும் இதேதான். பணத்தைத் தொடவில்லை, நன்றாகவே ஆடினார், ஆனால் விஷயம் தெரிந்தும் பேசாமல் இருந்தார். தடையை நீக்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார். 1956-இல் இறந்துபோனார். தடையை நீக்கியது 2025 மே மாதத்தில்.