அரை விநாடி தாமதத்தில் சிக்கிய சதி: சோர்ஸ் கோடிலிருந்து மென்பொருள் உருவாவது எப்படி?

ஒரு சர்வருக்குள் லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறது. நாமாக இருந்தால் ‘நெட் ஸ்லோ’ என்று அலுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அப்படி விடவில்லை, காரணத்தைத் தோண்டினார். 2024 மார்ச் 29 அன்று அவர் வெளியிட்ட தகவல் லினக்ஸ் உலகையே உலுக்கியது. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ஒரு ரகசியக் கதவை வைத்திருந்தார்கள்.

அந்தக் கதவு ஒளிந்திருந்த இடம்தான் இதில் முக்கியம். அது புரியணும்னா, சோர்ஸ் கோடிலிருந்து ஒரு மென்பொருள் எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும்.

மூன்றே கட்டளைகள்

ஆப் ஸ்டோரில் நாம் இறக்குவது, யாரோ ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்த ரெடிமேட் மென்பொருள். சோர்ஸ் கோடு என்பது மனிதர்கள் எழுதிய மூல வரிகள். லினக்ஸில் அதை நாமே மென்பொருளாக மாற்ற, பழைய வழக்கப்படி மூன்று கட்டளைகள் போதும்.

கான்ஃபிகர்: உங்கள் கணினியில் கம்பைலர் இருக்கிறதா, தேவையான லைப்ரரிகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும். எல்லாம் சரியாக இருந்தால் ‘மேக்ஃபைல்’ என்ற வேலைப்பட்டியலை எழுதித் தரும்.

மேக்: 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் உருவாக்கிய கருவி. பட்டியலைப் படித்து, எதை முதலில் கம்பைல் செய்வது, எதை அடுத்து செய்வது என்று முடிவெடுக்கும். மறுமுறை ஓட்டினால், மாறிய கோப்புகளையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் மட்டும் தொடும்.

மேக் இன்ஸ்டால்: உருவான மென்பொருளை அதற்குரிய ஃபோல்டர்களில் கொண்டுபோய் வைக்கும்.

எரர் வந்தால்?

கண்டிப்பா வரும், பயப்பட வேண்டாம். ‘சி கம்பைலர் இல்லை’ என்று வந்தால், உபுண்டுவில் ‘பில்டு எசென்ஷியல்’ என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்யுங்கள். ஏதோ ஒரு ‘டாட் ஹெச்’ கோப்பு கிடைக்கவில்லை என்றால், அந்த லைப்ரரியின் ‘டெவ்’ பேக்கேஜ் இல்லை என்று அர்த்தம். எரர் பத்துப் பக்கம் ஓடினாலும் முதலில் வந்த எரரைப் படியுங்கள். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் எதிரொலிதான்.

கதவு எங்கே இருந்தது?

இப்போது எக்ஸ்இசட் கதைக்கு வருவோம். ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் திட்டத்துக்கு உழைத்து, நம்பிக்கை பெற்று, அதன் பராமரிப்பாளர்களில் ஒருவரானார். சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் விஷமக் குறியீட்டைப் பொதுவில் இருந்த சோர்ஸ் கோடுக்குள்ளேயே சேர்த்தார். பார்ப்பவர்களுக்கு அவை வெறும் பைனரி குப்பை. ஆனால், அதைப் பிரித்தெடுத்து இயக்கும் வரிகள் அங்கே இல்லை. வெளியீட்டுக்காகச் சுருக்கித் தரப்பட்ட ‘டார்பால்’ கோப்பில் மட்டுமே அவை இருந்தன. கான்ஃபிகர் ஓடும்போது அது விழித்துக்கொள்ளும். மேக் ஓடும்போது லைப்ரரிக்குள் கலந்துவிடும்.

அதாவது எல்லோரும் படிக்கக்கூடிய கோடு ஒன்று, கம்பைல் ஆன கோடு வேறொன்று. டெபியன், ஃபெடோராவின் சோதனைப் பதிப்புகள் வரை இது போய்விட்டது. பெரும்பாலான சர்வர்கள் பயன்படுத்தும் நிலையான பதிப்புகளைத் தொடும் முன் பிடிபட்டது.

நாம் என்ன செய்யலாம்?

கான்ஃபிகர் என்பது வெறும் செட்டிங்ஸ் கிடையாது. உங்கள் கணினியில், உங்கள் அனுமதியோடு ஓடும் ஒரு புரோகிராம். எனவே கான்ஃபிகரையும் மேக்கையும் ஒருபோதும் ‘சூடோ’ போட்டு ஓட்டாதீர்கள். ‘ப்ரிஃபிக்ஸ்’ ஆப்ஷனில் உங்கள் ஹோம் ஃபோல்டரைக் கொடுத்தால், இன்ஸ்டால் செய்யவும் சூடோ தேவைப்படாது.

டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். ஆனா, அது கோப்பு யாரிடமிருந்து வந்தது என்று மட்டுமே சொல்லும், அவர் நல்லவரா என்று சொல்லாது. எக்ஸ்இசட் டார்பாலில் கையெழுத்துப் போட்டதே ஜியா டான்தான்!

பழகிப் பார்க்க ‘க்னு ஹலோ’ சரியான தொடக்கம். ஒரு வணக்கம் சொல்வதுதான் அதன் மொத்த வேலை. இந்த வார இறுதியில் அதை இறக்கி மூன்று கட்டளைகளையும் ஓட்டிப் பாருங்கள். திரையில் வரிகள் ஓடும்போது கொஞ்சம் நின்று படியுங்கள். அரை விநாடி வித்தியாசத்தைக் கவனிக்கும் கண் அப்படித்தான் பழகும்.